பத்தொன்பதாவது கட்டம்

முப்பத்தெட்டு. மேலிருந்து எண்ணினாலும் முப்பத்தெட்டு, கீழிருந்து எண்ணினாலும் முப்பத்தெட்டு. ததேயு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, வலக்கைச் சுட்டுவிரலைத் திரையில் படாமல் ஓர் அங்குலம் முன்னால் நிறுத்தி, மூன்றாம் முறையாக வரி வரியாக இறங்கினார். ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் ஒரு பச்சைப் பொட்டு. சிவப்பு ஒன்றுகூட இல்லை. உச்சியில், அவரே வாசகம் சொல்லி வினோலியா தட்டச்சு செய்த வரி: எல்லா வள்ளங்களும் கரை சேர்ந்தன. மணி மூன்று நாற்பது. மீனவர் சங்கத்தின் மாடி அறையில் அவர் மேசைமேல் விரித்துக் கிடந்த நோட்டில், இன்று விடியுமுன் கடலுக்குப் போனவை முப்பத்தேழு வள்ளங்கள். வரவுக் கட்டத்தில் மணி எழுதப்பட்டவை இருபத்தொன்பது. இன்னும் வெறுமையாகக் கிடந்தவை எட்டு. கையெழுத்து அவருடையது, எண்ணிக்கை அவருடையது, இரண்டு முறை சரிபார்த்தது. எட்டு வள்ளம் கடலில் இருக்கிறது, திரையோ எல்லாம் கரையில் என்கிறது. ஆனால் அவர் விரல் அந்த எட்டில் எதன்மேலும் நிற்கவில்லை. ஆக அடியில், முப்பத்தெட்டாவது வரியில் போய் நின்றது. அந்த வள்ளம் இன்று போகவில்லை, நேற்றும் போகவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை போனது. விண்ணரசி, ஆட்கள் நாலு. அதன் ஓரத்திலும் பச்சை.

ஜன்னல் பக்கம் திரும்பினார். மூன்றாவது விளக்குக் கம்பத்துக்கும் ஐஸ் அறைச் சுவருக்கும் நடுவே விண்ணரசியை இழுத்துப் போடும் இடம். அங்கே இப்போது நீல வலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, வலையின்மேல் ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். வேறென்ன இருக்கும் என்று நினைத்தீர் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஆனாலும் திரும்பிப் பார்த்தாயிற்று. பார்த்தோம் என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது, கழுத்து அவரைக் கேட்காமலே திரும்பியது. பச்சை என்றால் கேறியாச்சு, கரை சேர்ந்தாச்சு என்று இந்தத் துறையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது, அதனால்தான் திரும்பியது, வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்று சொன்னதும் மறுபடி திரும்பத் தோன்றியது. திரும்பவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணினார். ஏழில் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. வள்ளங்களின் வரவைக் காட்டும் சங்கத்தின் புது இணையப் பக்கம் இன்றைக்கு அஞ்சு மணிக்குத்தான் எல்லாருடைய போனுக்கும் போகும். அதுவரை பழைய பக்கம். பழையதில் விண்ணரசி சிவப்பு. ஒன்பது வருடமாகச் சிவப்பு. கடலில் காணாமல் போனதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, விண்ணரசியில் போன செர்வாஸின் பெண்டாட்டி கார்மல் எழுந்து நின்றாள். என் வாயால் சொல்லுகிறவரைக்கும் யாரும் அடிக்கக் கூடாது என்றாள். உட்காரவும் இல்லை. அடிக்க மாட்டோம் என்று தலைவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அடியில் தனி வரி. அவள் தினமும் அஞ்சு மணிக்கு மேல் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, அடிவரை தள்ளி, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடுவாள். ஒருமுறை கோயில் வாசலில் அவரிடம் சொன்னாள். "அந்தச் செவப்பு இருந்தாத்தான் எனக்கு ஒறக்கம் வரும் அண்ணே. இன்னும் தேடுதாங்கன்னு இருக்கும்." அவர் செருப்பை எண்ணிக்கொண்டு நின்றார். வாசலில் அறுபத்திரண்டு செருப்பு கிடந்தது.

"அண்ணே, மூக்கு கம்ப்யூட்டர்ல முட்டப் போவுது" என்றான் லூக்காஸ். அறையின் மறு மூலையில் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால், காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் நாற்பத்தெட்டு வயது ஆகிறது, பேச்சு மட்டும் பதினெட்டில் நிற்கிறது. "இந்தாளுக்கு எண்ணாம இருக்க முடியாது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாக்கூட நம்பர் போட்டுத்தான் சொல்லுவாராம். ஒண்ணு, கோவம். ரெண்டு, பொய். சாமியாரு அந்தப் பக்கம் விரல் மடக்கிக்கிட்டு இருப்பாராம்." ததேயு சிரித்தார். சிரிக்காவிட்டால் அவன் இன்னும் சொல்வான். அவன் சொன்னது பொய்யுமில்லை. கோயிலில் பாவ அறிக்கையிடும்போது அவர் அப்படித்தான் சொல்வார், ஆறு பாவம் என்றால் ஆறு. ஒவ்வொரு முறையும் ஆறாவதைச் சொல்லி முடித்ததும் மரத்தடுப்புக்கு அப்பால் சாமியார் கொஞ்ச நேரம் காத்திருப்பார், வேறு ஏதாவது உண்டா என்பது போல. அந்தக் கொஞ்ச நேரத்தில் ததேயுவின் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சாமி என்பார். ஒன்பது வருடமாக எண்ணிக்கையில் ஏழாவது ஒன்று குறைகிறது. எண்ணிக்கை தப்பாகச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். இரண்டே இடத்தில்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார், ஒன்று அந்த மரத்தடுப்புக்கு முன்னால். மற்றது — அதை நினைக்காமல் திரையைப் பார்த்தார், திரையில் அதேதான் இருந்தது, எல்லாம், கரை, சேர்ந்தன.

போன வாரமும் இப்படி ஒரு கோளாறு வந்தது, ஆனால் அது சிரிக்கிற கோளாறு. அவருடைய பெரியப்பா மகனின் பெண் வினோலியாதான் இந்தப் பக்கத்தைச் செய்தவள், நாகர்கோவிலில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. முன்பெல்லாம் சர்வரே பொட்டு வைத்து, எண்ணி, முழுப் பக்கமாக அனுப்பும். ஒரு வள்ளம் வந்தால்கூடப் பக்கம் முழுக்க மறுபடி வரவேண்டும், கடற்கரையில் சிக்னல் படுத்தியபாட்டுக்கு அது வந்து சேர்வதற்குள் வள்ளத்து ஆள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் மாற்றினாள். "இனிமே சர்வர் பொட்டு வைக்காது சித்தப்பா. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு சீட்டு கட்டி அனுப்பும். நம்பர், பேரு, ஆளு எத்தன, போன நேரம், வந்தாச்சா. அஞ்சு விவரம். போனுக்குள்ள இருக்கப்பட்ட ஸ்கிரிப்ட் அந்தச் சீட்ட எடுத்துப் பாத்து, அதுவே பொட்டு வைக்கும், அதுவே எண்ணும்." அஞ்சு விவரம் என்றதும் அவருக்குப் பிடித்துப்போனது. முப்பத்தெட்டு சீட்டு, நூற்றுத்தொண்ணூறு விவரம். முதல் நாள் பார்த்தபோது அடியில் மொத்த ஆட்கள் என்ற இடத்தில் ஒரு கோடு முழுக்க இலக்கமாக ஓடியது, நாலு நாலு அஞ்சு நாலு மூணு நாலு என்று. நாலும் நாலும் எட்டு ஆவதற்குப் பதிலாக நாற்பத்து நாலு ஆகி, அதன் பக்கத்தில் அஞ்சு வந்து ஒட்டி, அப்படியே நீண்டு. வினோலியா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சீட்டில் ஏறினால் எல்லாம் எழுத்துதான் சித்தப்பா, நம்பர்கூட எழுத்துதான், இது நம்பர் என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லித்தான் கூட்ட வேண்டும் என்றாள். சரிசெய்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கூட்டாமல் ஆட்களை ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிறுத்தி வைத்ததுபோல அந்த இலக்கங்கள் நின்றிருந்தன, கடைசி நாலு விண்ணரசியின் நாலு, வரிசையின் ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்பதுபோல. செர்வாஸ், செர்வாஸின் தம்பி சில்வான், மெல்கியாஸ், கிளீட்டஸ்.

போனை எடுத்தார். நாலு மணி அடிக்க அஞ்சு நிமிடம். மணி போய்க்கொண்டே இருந்தது, பதினொன்றாவது மணிக்கு எடுத்தாள், பின்னால் பஸ் இரைச்சல்.

"சொல்லும் சித்தப்பா. தக்கலை தாண்டிட்டேன், நின்னுக்கிட்டு வாறேன்."

"எல்லாம் பச்சையாக் கெடக்கு மக்கா."

"எல்லாமா?"

"முப்பத்தெட்டும். எட்டு வள்ளம் கடல்ல கெடக்கு. பொறவு அந்த… அடியில உள்ளதும்."

பஸ்ஸில் யாரோ கண்டக்டரிடம் சண்டை போட்டார்கள். பிறகு வினோலியா, "அய்யோ" என்றாள். "நான்தான். சித்தப்பா, வந்தாச்சாங்கற எடத்துல சர்வர் என்ன எழுதும்? வந்தா ட்ரூ, வரலேன்னா ஃபால்ஸ். ஸ்கிரிப்டுல நான் என்ன எழுதி வச்சிருக்கேன், அந்த எடத்துல ஏதாவது இருந்தா பச்சை. ஃபால்ஸும் ஒரு வார்த்தைதானே. சீட்டுல எழுதி வந்துட்டா அதுக்கு வெறும் எழுத்துதான். எழுத்து இருக்கா, இருக்கு, அப்பம் ஆமா. வாசிச்சுப் பாக்காது."

"என்ன சொன்ன?"

"வாசிச்சுப் பாக்காது சித்தப்பா. கட்டம் நெறஞ்சிருக்கான்னு மட்டும்தான் பாக்கும். வெறுமனே கெடந்தாதான் அதுக்கு இல்லைன்னு அர்த்தம். நீங்க இல்லைன்னு எழுதினா, அதுக்கு அது ஆமா." ஹலோ, கேக்குதா என்றாள். சிக்னல் போய்விட்டது.

இல்லைன்னு எழுதினா, அதுக்கு அது ஆமா. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். காதுமடல் சூடாகியது. இதை அவள் எப்படிச் சொன்னாள். தெரிந்து சொன்னாளா. தெரிய வழியில்லை, விண்ணரசி போன அன்றைக்கு அவள் காலேஜில் இருந்தாள், திருநெல்வேலியில். யாருக்கும் தெரியாது. அந்த வருடத்து நோட்டு கீழ் அலமாரியில், பழைய லெட்ஜர்களுக்கு அடியில், நீலக் காலிகோ அட்டை, வெளியே சிவப்பு மையில் வருடம். அதை எடுத்துப் பார்க்காமலே அவருக்கு அந்தப் பக்கம் தெரியும். நாற்பத்திரண்டு வரி. பத்தொன்பதாவது விண்ணரசி. இந்தத் துறையில் நோட்டு எழுதும் வழக்கம் ஒன்றுண்டு, அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார்: போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி, வராதவரைக்கும் வரவுக் கட்டம் வெறுமை. வெறுமை என்றால் கடலில் என்று அர்த்தம். பார்த்ததும் தெரியும், ஓட்டை விழுந்த பல்வரிசை மாதிரி. அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காற்று மாறியபோது ஆறு ஓட்டை இருந்தது. அவருக்கு அந்த ஓட்டைகள் பொறுக்கவில்லை. பின்னால் யாராவது இந்தப் பக்கத்தைப் பார்த்தால், வராத வள்ளம் என்று நினைப்பார்களா, ததேயு எழுத மறந்தான் என்று நினைப்பார்களா. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த நாற்காலி எதற்கு என்று ஏற்கெனவே ஒருத்தர் சொல்லியிருந்தார். அதனால் ஆறு கட்டத்திலும் எழுதினார், கட்டத்துக்குள் அடங்க, கொம்பும் சுழியும் தெளிவாக: இல்லை. இல்லை. இல்லை. மூன்று எழுத்து. மறக்கவில்லை, பார்த்தேன், இல்லை என்று சாட்சி வைப்பதுபோல. அழகாகத்தான் எழுதினார். அவருடைய இ எப்போதும் நன்றாக வரும்.

அஞ்சுக்கும் ஏழுக்கும் இடையில் அஞ்சு வள்ளம் வந்தது. இரண்டு இந்தத் துறைக்கே வந்தன. மூன்று காற்றுக்கு ஒதுங்கிப் பக்கத்துத் துறைகளில் கேறிவிட்டதாக வயர்லெஸில் சொல்லின. ஒவ்வொன்று வரும்போதும் இல்லையை ஒரு கோட்டால் அடித்து, மேலே மணி எழுதினார். கரண்ட் போயிருந்தது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். ஜன்னல் கதவு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. அறை முழுக்க ஆட்கள், ஆளாளுக்குக் கேள்வி, லூக்காஸ் வயர்லெஸில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஏழு மணிக்குப் போன் வந்தது, மேலிடத்திலிருந்து, எத்தனை போச்சு எத்தனை வந்துச்சு, சீக்கிரம் சொல்லும், வேற துறைக்கெல்லாம் கேக்கணும். அவர் பேனாவின் அடிப்பக்கத்தால் வரவுக் கட்டங்களைத் தட்டிக்கொண்டே இறங்கினார். மை இருக்கிறது, ஒன்று. மை இருக்கிறது, இரண்டு. எண்ணும்போது அவர் வாசிப்பதில்லை, அது அவருடைய வேகம், ஊரெல்லாம் மெச்சுகிற வேகம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பத்தொன்பதில் பேனா நிற்கவில்லை. நின்றிருந்தால். ஒரு நொடி நின்றிருந்தால். எத்தனையோ முறை அவர் அந்தப் பேனாவை அங்கே நிறுத்திப் பார்த்திருக்கிறார், படுக்கையில், பஸ்ஸில், பூசைக்கு நடுவில். பதினெட்டு, பத்தொன்பது, நில். நிற்காது. நாற்பத்திரண்டு என்று முடியும். நாப்பத்திரெண்டும் வந்தாச்சு என்று போனில் சொன்னார். சொன்னதும் அவரே அதை நம்பினார், அதுதான் கொடுமை. எழுதியவன் மறந்துபோனான், எண்ணியவன் நம்பினான், இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். ஏழே காலுக்குக் கார்மல் படியேறி வந்தாள், தலையில் பிளாஸ்டிக் சாக்கு போட்டுக்கொண்டு, நனைந்த கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. விண்ணரசி கேறியாச்சா அண்ணே. எல்லாம் வந்தாச்சு கார்மல், நாப்பத்திரெண்டும். இங்க காணலேன்னா பக்கத்துத் துறையில கேறியிருப்பாங்க, நீ வீட்டுக்குப் போ. அவள் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். பதினொரு படி, எல்லாவற்றையும் வேகமாக இறங்கினாள், கடைசி இரண்டைத் தாண்டிக் குதித்தாள். சந்தோசத்தில் குதித்தாள். அந்தச் சத்தம் இன்றும் கேட்கும், சிலசமயம் யாருமே இறங்காதபோதும். மறுநாள் பகல் பன்னிரண்டே காலுக்குத்தான் பக்கத்துத் துறைகள் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். ஏழே காலிலிருந்து பன்னிரண்டே கால். யாரும் தேடப் போகாத பதினேழு மணி நேரம்.

அன்றைக்கு ராத்திரி எந்தக் கப்பலும் தேடப் போயிருக்காது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். அப்படி ஒரு காற்று. அவரிடம் யாரும் நோட்டைக் கேட்கவில்லை, வயர்லெஸில் யாரோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று பேச்சு அடங்கிவிட்டது. அவரும் அடங்கிவிட்டார். ஆனால் மூன்றாம் நாள் விண்ணரசியின் மஞ்சள் மண்ணெண்ணெய் கேன் கிடைத்தது, பதினோரு மைல் தள்ளி. அதன் கைப்பிடியில் கயிறு. கயிற்றில் மூன்று முடிச்சு. கடலில் விழுந்த கேன் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. யாரோ ஒருவன் அதைக் கட்டிப்பிடித்து, குளிரில் விறைத்த விரலால், ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிந்திருக்கிறான். அதற்கு நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தான், வெளிச்சம் ஏதாவது வருகிறதா என்று எத்தனை முறை தலையைத் தூக்கினான், அதற்கு எண்ணிக்கை இல்லை, அந்த ஒன்றைத்தான் அவரால் எண்ண முடியவில்லை.

"லூக்காசு, மணி என்ன?" சுவரில் கடிகாரம் இருக்கும்போதே கேட்டார்.

"நாலு பத்து. ஏன் அண்ணே, வேர்க்குது உமக்கு. அந்தப் பெட்டியில என்ன பேயா தெரியுது?"

"பக்கத்துல தப்பு இருக்கு. எல்லாம் வந்ததாக் காட்டுது. அஞ்சு மணிக்குள்ள சரியாக்கணும்."

வடைக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த லூக்காஸின் கை நின்றது. "அது… அண்ணே, நான் அத அப்பமே குரூப்புல போட்டுட்டேனே."

"எதை?"

"புதுப் பக்கத்த. வினோலியா லிங்கு அனுப்பினால்லா, கலர் நல்லாருக்கேன்னு கோயில் பங்கு குரூப்புல தட்டிவிட்டேன். மூணே முக்காலுக்கு." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆரு இப்பம் பாக்கப் போறா, எல்லாம் ஒறங்குற நேரம்" என்றான். பிறகு அவனுக்கும் உறைத்தது. "கார்மலு" என்றான் மெதுவாக.

கார்மல் வேலை செய்வது முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீஸில். உள்ளே போன் கூடாது, வாசலில் ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டும். நாலரைக்குச் சங்கு ஊதினால்தான் பெட்டியைத் திறப்பார்கள். ததேயுவுக்கு அது தெரியும், அவளைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும், நேருக்கு நேராகப் பார்க்காமலே தெரிந்துகொண்டவை. அப்படியானால் இன்னும் இருபது நிமிடம். வினோலியாவை மறுபடி கூப்பிட்டார், கிடைக்கவில்லை, மறுபடி, கிடைக்கவில்லை. ஒரு சங்கு ஊதப் போகிறது, ஒரு தகரப் பெட்டி திறக்கப் போகிறது, ஒரு பெண் அடிவரை தள்ளிப் பார்க்கப் போகிறாள், அவள் கண்ணுக்கு எதிரே அவர் ஒன்பது வருடத்துக்கு முன் வாயால் சொன்னதை இன்று பெட்டி எழுத்தில் சொல்லப் போகிறது. அதே ஆள், அதே வள்ளம், அதே பொய், அதே காரணம். எழுதியிருந்தது, ஆகவே வந்தது. கடல் திருப்பி அனுப்பிய சீட்டா இது. நாலு பேர் சேர்ந்து கட்டி அனுப்பியதா, நம்பர், பேர், ஆள் எத்தனை, போன நேரம், வந்தாச்சா. வந்தாச்சா என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. முட்டாள்தனம் என்று நினைத்தார், பெட்டிக்குக் கை ஏது. மறுபடி கூப்பிட்டார். நாலு இருபத்திரண்டுக்கு எடுத்தாள்.

"சித்தப்பா, பேரு திருத்துறதுக்குக் காட்டித் தந்தேன்லா, அந்த ஃபைல்தான். தொறந்திட்டீங்களா? அறுபத்து நாலாவது வரி."

வள்ளங்களின் பெயரில் அவள் ன போட்ட இடத்தில் ண வேண்டும் என்று திருத்தித் திருத்தி அந்த ஃபைலுக்கு வழி அவருக்கு மனப்பாடம். இருநூற்றுப் பன்னிரண்டு வரி. விரல்விட்டு அறுபத்து நாலுக்கு இறங்கினார்.

"ரெண்டு வழி இருக்கு. வரலேன்னா ஒண்ணும் எழுதாதேன்னு சர்வருக்குச் சொல்லலாம், கட்டம் வெறுமனே வரும். அதுக்கு நான் ஆபீஸ் போகணும். இல்லேன்னா ஸ்கிரிப்ட வாசிக்கச் சொல்லலாம். ட்ரூங்கற வார்த்தையோட எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தா மட்டும் பச்சை. எது வேணும்?"

"வாசிக்கட்டும்" என்றார் ததேயு. குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எழுதினது கெடக்கட்டும் மக்கா. அது வாசிக்கட்டும்."

மூன்று சமக்குறி போடச் சொன்னாள், இடைவெளி இல்லாமல். இரண்டு போட்டாலும் ஓடும், நீங்க மூணே போடுங்க என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் மூன்றோடு நிற்காமல் நாலாவதாக ஒன்று விழுந்தது, அதை அழித்தார். பிறகு மேற்கோள் குறி, நாலு ஆங்கில எழுத்து, மறுபடி மேற்கோள் குறி. நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினார். எங்கோ தொலைவில் சங்கு ஊதியது. சேமிக்கச் சொன்னாள், அனுப்பச் சொன்னாள், ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடற்கரைச் சிக்னல். சுற்றட்டும், சுற்றட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு முப்பத்தாறுக்குத் திரை ஒருமுறை வெளுத்துத் திரும்பி வந்தது. பச்சை முப்பத்து மூன்று. சிவப்பு அஞ்சு. எட்டில் நாலு இதற்குள் கேறிவிட்டன, நோட்டில் இன்னும் வராதவை நாலு, அடியில் விண்ணரசி ஒன்று. உச்சி வாசகம் போய்விட்டது. கணக்கு ஒத்தது. ஆறு நிமிடம் பிந்தியது.

கணக்கு ஒத்ததும் அவருக்கு வழக்கமாக வரும் நிம்மதி வரவில்லை. லூக்காஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மெஷினு தப்புன்னு சொல்லிரலாம் அண்ணே, எல்லார் போன்லயும் வாற தப்புதானே என்றான். சொல்லிவிடலாம். மெஷின் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஒருவேளை அவள் பார்க்கவே இல்லையோ என்னவோ. பெட்டியிலிருந்து போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம், அஞ்சு மணிக்கு மேல் திறந்தால் எப்போதும்போல் சிவப்பு, எப்போதும்போல் உறக்கம். அண்டியாபீஸிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். சங்கத்துக்கு இருபது. நாலு ஐம்பது தாண்டினால் அவள் வரவில்லை என்று அர்த்தம். வெறுமை என்றால் இல்லை என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு நாற்பத்தெட்டு. நாலு நாற்பத்தொன்பது. கீழே முதல் படியில் சத்தம் கேட்டது. நிஜச் சத்தமா, எப்போதும் கேட்கும் சத்தமா என்று தெரியாமல் எண்ணினார். இது ஏறுகிற சத்தம். மெதுவாக, ஒவ்வொன்றாக. பதினொன்று.

கார்மல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள், அன்றைக்குப் பிடித்த அதே இடம். மூச்சு வாங்கியது. போனை அவருக்கு நேரே நீட்டினாள். அதில் இன்னும் பழைய நொடி உறைந்து நின்றது: எல்லா வள்ளங்களும் கரை சேர்ந்தன.

"இது என்னண்ணே" என்றாள். பிறகு, கோபப்படாமல், "நான் நம்பல. காலுதான் நடந்து வந்துட்டு" என்றாள்.

"அது மெஷினு தப்பு கார்மலு" என்று லூக்காஸ் எழுந்தான். "நான்தான் அவசரப்பட்டு அனுப்பிட்டேன், என்னை நாலு சாத்து சாத்து. இப்பம் சரியாக்கியாச்சு, அதைத் தொட்டு இழுத்துப் பாரு, செவப்பு வந்திரும்."

அவள் இழுத்துப் பார்க்கவில்லை. "எப்பிடித் தப்பாச்சு? வரலைன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் ததேயு. "இல்லைன்னு எழுதித்தான் வந்துது. எழுதினதை அது வாசிக்கல. கட்டம் நெறஞ்சிருந்துது, அதனால வந்ததா எண்ணிக்கிட்டு."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். அவள் தலையாட்டத் தொடங்கியிருந்தாள், பாதி திரும்பியும் விட்டாள். ததேயு நாற்காலியை நகர்த்தி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழ் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். லெட்ஜர்கள் ஏழு. ஏழையும் எடுத்துத் தரையில் அடுக்கினார். எட்டாவது நீலக் காலிகோ அட்டை. கரப்பான் வாடை அடித்தது. என்னண்ணே தேடுதீரு என்று லூக்காஸ் கேட்டது காதில் விழுந்தும் விழவில்லை. பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, நோட்டு தானாக அந்த இடத்தில் திறந்தது. மேசைமேல் வைத்து, அவள் பக்கமாகத் திருப்பி, பத்தொன்பதாவது வரியின் வரவுக் கட்டத்தில் விரலை வைத்தார். ஒன்பது வருடமாக நிற்காத இடத்தில் விரல் நின்றது.

கார்மல் குனிந்தாள். அவள் மெதுவாக வாசிப்பவள், உதடு அசைய வாசிப்பவள். மேல் வரியில் அடித்து மணி எழுதியதைப் பார்த்தாள், கீழ் வரியில் மணியைப் பார்த்தாள், நடுவில் அவர் விரல் நகத்துக்குப் பக்கத்தில் இருந்த மூன்று எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இல்லைன்னுதானே எழுதியிருக்கு" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

"உங்க கையெழுத்துதானே அண்ணே. வரலைன்னு சரியாத்தானே எழுதியிருக்கீங்க." அவள் நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வள்ளம் துறைக்குள் திரும்பியது, இன்ஜின் சத்தம் வந்து அடங்கியது. முப்பத்து நாலு. எழுதவேண்டும், அவர் எழுதவில்லை. "அப்பம் நாப்பத்திரெண்டுன்னு எண்ணினது ஆரு?"

வயர்லெஸ் கரகரத்தது. லூக்காஸ் அதன் ஒலியைக் குறைத்தான். ததேயு கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, நோட்டின்மேல் வைத்தார். ஆறு சொல்லி முடித்தபின் வரும் அந்தக் கொஞ்ச நேரம் அறை முழுக்க நின்றது. நாக்கு மேல்வாயிலிருந்து பிரிந்தது.

"ஏழு" என்றார் முதலில், யாருக்கும் புரியாமல். பிறகு, "நான்தான் கார்மல்" என்றார்.